முப்பத்தாறு வயதில் பணி நிறைவு விழா

ஷைனி டென்னிஸிலிருந்து ஓய்வு பெற்ற செய்தி முதன்முதலில் வெளியானது கும்மிடிப்பூண்டியில், அவள் வீட்டு அடுப்படியில். நிருபர் யாரும் இல்லை. மீன் வறுத்துக்கொண்டிருந்த அம்மா ஞானம்மா, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அப்பா பாக்கியநாதன், அந்த மீனைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு அது வறுபடும்வரை நகராமல் நின்ற பக்கத்து வீட்டு மீன்காரி கங்கம்மா, இவ்வளவுதான் கூட்டம்.

"நைனா, நான் ரிடையர் ஆயிட்டேன்."

பாக்கியநாதன் வெங்காயக் கண்ணீரோடு நிமிர்ந்தார். "உனுக்கு இன்னா வயசு?"

"முப்பத்தாறு."

"அம்பத்தெட்டுக்கு இன்னும் இருவத்திரெண்டு வருஷம் கீதே. தூக்கிட்டானுங்களா?"

"யாரும் தூக்கல. நானா நின்னுட்டேன். முட்டி தேஞ்சிபோச்சி. டென்னிஸ்ல அப்டிதான்."

"அப்போ வி.ஆர்.எஸ்," என்றாள் கங்கம்மா, எல்லாம் தெரிந்தவளாக. "செட்டில்மெண்ட் எவ்ளோ?"

"அதெல்லாம் இல்லக்கா."

"பி.எஃப்.?"

"இல்ல."

"கிராஜுட்டி?"

"இல்லக்கா."

"அதுக்குப் பேரு ரிடையர் இல்லடி. சும்மா ஊட்டுக்கு வர்றது."

சொல்லிவிட்டு கங்கம்மா ஒரு மீன் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் சொன்னதில் தப்பொன்றும் இல்லை.

கேளுங்கள், கண்ணுகளா, ஷைனி நிஜமாகவே டென்னிஸ் ஆடிப் பிழைத்தவள்தான். பாக்கியநாதன் கான்ட்ராக்ட் வேலை பார்த்த கம்பிக் கம்பெனியின் ஆபீசர் குவார்ட்டர்ஸில் ஒரு டென்னிஸ் கோர்ட் இருந்தது. டென்னிஸ் கற்றுக்கொள்ள ஆபீசர் பிள்ளைகள் மூன்று பேர் வருவார்கள். இரட்டையர் ஆட்டத்துக்கு நாலாவது ஆள் இல்லை. அப்பாவின் சாப்பாட்டுக் கேரியரைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போன ஒன்பது வயதுப் பெண்ணைக் கோச் கைதட்டிக் கூப்பிட்டு மட்டையைக் கையில் கொடுத்தார். மற்ற மூன்று பிள்ளைகளும் பிற்பாடு இன்ஜினியர் ஆகித் தப்பித்துவிட்டார்கள். ஷைனி மாட்டிக்கொண்டாள்.

பதினெட்டு வருடம் ஊர் ஊராக ஆடினாள். துருக்கி, எகிப்து, தாய்லாந்து, உஸ்பெகிஸ்தான். பெரிய மைதானம், டிவி கேமரா, வெள்ளை உடுப்புக் கூட்டம் என்றெல்லாம் கற்பனை பண்ணிவிடாதீர்கள். அவள் ஆடிய ஆட்டங்களை எதிராளியின் அம்மாவும் ஒரு தெருநாயும் பார்த்தார்கள். முதல் சுற்றில் தோற்றால் அன்று சாயங்காலமே அடுத்த ஊருக்கு பஸ். ஓட்டல் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு கரண்ட் குக்கரில் சோறு வடித்து, ஞானம்மா கட்டிக்கொடுத்த கருவாட்டுத் தொக்கோடு சாப்பிடுவாள். தாஷ்கண்டில் அந்த வாசனைக்கு பயர் அலாரம் அடித்திருக்கிறது. ஒரு வருடம் உலகத் தரவரிசையில் நானூற்றுப் பதினெட்டாவது இடத்துக்கு வந்தாள். இரண்டு வாரம் அங்கே இருந்தாள். மூன்றாம் வாரம் இறக்கிவிட்டார்கள்.

அந்த இரண்டு வாரமும் பாக்கியநாதன் தெருவில் நடந்த நடையே வேறு. கங்கம்மாதான் அதைக் கெடுத்தாள். "நானூத்தி பதினெட்டா? எங்க கணேசன் கிளாஸ்ல நாப்பதாவது ரேங்க் வாங்கினு வந்தான். அதுக்கே அவங்கப்பா தொடப்பத்த எடுத்தாரு."

இப்போது, மீன் வறுபட்ட அந்தக் காலையில், பாக்கியநாதன் கத்தியைக் கீழே வைத்தார். "ரிடையர்னா ஃபங்ஷன் பண்ணணும்," என்றார்.

அந்தத் தெருவில் அதுதான் வழக்கம். சிப்காட் கம்பெனிகளில் நிரந்தர வேலையில் இருப்பவர் ஓய்வு பெற்றால், கம்பெனி வாசலிலிருந்து மாலையும் சால்வையுமாகத் திறந்த ஜீப்பில் ஏற்றி, பேண்டு செட் முழங்க வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். மேடை இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் மைக்கில் பேசுவார்கள். சுவர்க் கடிகாரம் தருவார்கள். பிரியாணி போடுவார்கள். கல்யாணத்தைக்கூடத் தாமதமாக நடத்தினாலும் நடத்துவார்கள், பணி நிறைவு விழாவை ஒரு நாள் தள்ளிப்போட மாட்டார்கள்.

பாக்கியநாதன் அப்படிப்பட்ட விழா ஐம்பதையாவது பார்த்திருப்பார். அவருக்குத்தான் நடக்கவில்லை. முப்பத்தொரு வருடம் கான்ட்ராக்டில் கம்பி ஏற்றியவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வாசலில் கார்டைத் தேய்த்தார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. தினமும் அவரோடு டீ குடிக்கும் வாட்ச்மேன் வேறெங்கோ பார்த்துக்கொண்டு, "லிஸ்ட்ல பேர் இல்லண்ணே," என்றான். பாக்கியநாதன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வந்து, மதியச் சாப்பாட்டை ஒன்பதரை மணிக்கே வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார். ரசம் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார்.

ஷைனிக்கு அது தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லியிருக்கலாம்.

விழா வேலையைச் சித்தப்பா இம்மானுவேல் எடுத்துக்கொண்டார். அவர் காக்களூரில் ஒரு சின்னக் கம்பெனியில் நிரந்தரம், யூனியனில் செயலாளர், நாலு பேர் கூடினால் மைக் எங்கே என்று தேடுகிற ஆள். சர்ச் எதிரே பந்தல், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊர்வலம், மட்டன் பிரியாணி என்று மூன்று நாளில் முடித்துவிட்டார். பிளக்ஸில் ஷைனியின் படத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரிக்கெட் மட்டையைப் போட்டுவிட்டார்கள். கேட்டதற்கு, "டென்னிஸ் பால்லதானே ஆடுறாங்க?" என்றான் கடைக்காரன்.

"எல்லாம் ஓகே," என்றார் இம்மானுவேல். "கம்பெனி ஆளு பேசணுமே. உன் கூட வேல செஞ்சவங்க ஒருத்தராவது மைக்ல பேசலன்னா அது ஃபங்ஷனே இல்ல."

"டென்னிஸ்ல கூட வேல செய்றவங்கன்னு யாரும் கிடையாது சித்தப்பா. நெட்டுக்கு அந்தாண்ட ஒருத்தி இருப்பா. அவ நம்மள ஜெயிக்கணும்னு நிப்பா."

"எங்க கம்பெனிலயும் அப்டிதான்மா. அவங்களதான் மைக்ல பேசவுடுவோம்."

ஷைனி யோசித்தாள். ஒருத்தி ரஷ்யாவில், ஒருத்தி பாங்காக்கில், ஒருத்தி எங்கோ பிள்ளை பெற்று உட்கார்ந்திருக்கிறாள். "யாரும் இல்ல," என்றாள்.

"ஏன் இல்ல? திருவள்ளூர்ல குணசுந்தரி கீதே. ரயில்வேல டி.டி.ஆரு. என் கூட சின்ன வயசுல டென்னிஸ் ஆடினவதான்னு நீயே சொல்லியிருக்கே. சீசன் டிக்கெட் ஒரு நாள் தள்ளிப்போனதுக்கு என்னையே பிளாட்பாரத்துல நிக்கவெச்சி ஃபைன் போட்டா, மவராசி. நேத்தே போன் பண்ணிட்டேன். வர்றேன்னுட்டா."

அவர் அடுத்த போனைக் காதில் வைத்த பிறகுதான் ஷைனி, "அவ வேணாம் சித்தப்பா," என்றாள்.

காரணம் இருக்கிறது. அதை அவள் பதினெட்டு வருடமாக ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்போது அவளுக்குப் பதினெட்டு வயது. மகாராஷ்டிராவில் ஒரு சர்க்கரை ஆலை ஊர். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம்; ஜெயிக்கிறவள் பெரிய போட்டிக்குள் போவாள், தோற்கிறவள் ரயிலுக்குப் போவாள். எதிரே குணசுந்தரி. இவளைவிட இரண்டு வயது மூத்தவள், இவளைவிட நன்றாக ஆடுகிறவள். மூன்றாவது செட், டை-பிரேக் என்கிற முடிவாட்டம், ஷைனி ஆறு, குணசுந்தரி ஐந்து. இன்னும் ஒரு பாயிண்டு எடுத்தால் ஷைனிக்கு ஆட்டம். அவள் சர்வீஸ் போட்டாள். குணசுந்தரி அதைத் திருப்பி ஓர் அடி அடித்தாள், பந்து ஷைனியின் பக்கக் கோட்டின் மேல் விழுந்து போனது. கோட்டின் மேல் விழுந்தால் உள்ளே. சின்னப் போட்டிகளில் கோட்டுக்குக் கோடு நடுவர் கிடையாது. அவரவர் பக்கம் விழும் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். ஷைனி பார்த்தாள். வெள்ளைக் கோட்டின் நட்டநடுவில் விழுந்தது. விரலைத் தூக்கி, "அவுட்," என்றாள்.

சுற்றி வரும் நடுவர் அந்த நேரம் பக்கத்துக் கோர்ட்டில் சமோசா தின்றுகொண்டிருந்தார். குணசுந்தரி ஒரு பார்வை பார்த்தாள். கை கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அந்த வாரம் ஷைனி முதல் தரவரிசைப் புள்ளி வாங்கினாள். அந்த வருடமே குணசுந்தரி விளையாட்டு ஒதுக்கீட்டில் ரயில்வே வேலைக்குப் போனாள். அப்புறம் போட்டிகளில் அவளைப் பார்க்கவில்லை. நானூற்றுப் பதினெட்டு, தாஷ்கண்ட், துருக்கி எல்லாமே அந்த ஒரு பொய்யின் மேல் கட்டியதுதான் என்று ஷைனி நம்பினாள். அதைத்தான் இப்போது நைனா மாலை போட்டு, மைக் வைத்து, இருநூறு பேருக்குப் பிரியாணி போட்டுக் கொண்டாடப் போகிறார். மைக்கைப் பிடிக்கப் போகிறவள் குணசுந்தரி.

அன்று மதியமே போன் செய்தாள். "அக்கா, ஷைனி பேசறேன். ஞாயித்துக்கெழம உனுக்கு டூட்டி இருக்கும். கஷ்டப்பட்டு வரவேணாம்."

"லீவ் போட்டுட்டேன்டி," என்றாள் குணசுந்தரி. பின்னால் ஏதோ ரயில் கூவியது. "பதினெட்டு வருஷமா உன்ன பத்தி மைக்ல பேச யாராச்சும் கூப்பிடுவாங்களான்னு பாத்துகினு கீறேன்."

போன் கட்டாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கம்பெனி வாசல் இல்லாததால், ரயில் நிலைய வாசலிலிருந்து ஷைனியை ஜீப்பில் ஏற்றினார்கள். பட்டுப்புடவை, கழுத்தில் ஆளுயர மாலை, தலைக்கு மேலே வெயில். பேண்டு செட்காரர்கள் கல்யாணப் பாட்டாக வாசித்துத் தள்ளினார்கள். வழியில் ஒரு கிழவர் ஜீப்பை எட்டிப் பார்த்து, "எந்தக் கட்சி?" என்று கேட்டார்.

பந்தலில் பாஸ்டர் ஜெபித்தார். முட்டி தேய்ந்ததையும் கர்த்தருக்கு நினைவுபடுத்தினார். சால்வைகள் விழுந்தன. ஷைனி தன் மாலையைக் கழற்றி பாக்கியநாதன் கழுத்தில் போடப் போனாள். அவர் அவள் கையைத் தட்டிவிட்டார். "எனக்கு இன்னாத்துக்கு? நான் இன்னா ரிடையரா ஆனேன்? கழட்டாத, போட்டா எடுக்கறாங்க பாரு."

குணசுந்தரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு கனத்திருந்தது, கண் மட்டும் அப்படியே இருந்தது. ஷூ போட்டிருந்தாள். பட்டுச் சேலையும் மல்லிகையுமாகப் பெண்கள் வந்திருக்கிற இடத்துக்குச் சுடிதாரில், கயிறு இறுக்கிக் கட்டிய ஷூவோடு வந்திருந்தாள். ஷைனியின் பார்வை அந்த ஷூவை விட்டு நகரவில்லை.

"கம்பெனி சார்பில்," என்று இம்மானுவேல் முழங்கினார், "சகோதரி குணசுந்தரி!"

குணசுந்தரி மைக்கை இரண்டு தட்டுத் தட்டினாள்.

"எல்லாருக்கும் வணக்கம். இவளப் பத்தி நல்லதா நாலு வார்த்தை பேசச் சொன்னாங்க. நானும் ரயில்ல வர்றப்போ யோசிச்சி யோசிச்சி பாத்தேன், பொன்னேரி தாண்டியும் ஒண்ணும் கெடைக்கல. இவ சர்வீஸ் கீதே, அது பாசஞ்சர் வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நின்னு நின்னுதான் வரும். பேக்ஹேண்டு, அது வெயிட்டிங் லிஸ்ட். கடைசி வரிக்கும் கன்பார்ம் ஆவாது."

பந்தல் சிரித்தது. ஞானம்மா, "இது இன்னா இப்டி பேசுது?" என்று கங்கம்மாவைப் பார்த்தாள். கங்கம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நாம சர்வீஸ் போட கைய தூக்கினா போதும், இவ குனிஞ்சி ஷூ கயித்த கட்டுவா. நம்ம ரிதம் கெட்டுடும். ஒரு வாட்டி குனிஞ்சா, நான் நல்லா பாத்தேன், அது கயிறே இல்லாத ஒட்டுற ஷூ! அப்பவும் குனிஞ்சி எதையோ கட்டினு இருந்தா. அடிக்கிறப்போ ஒரு சத்தம் போடுவா பாருங்க, மீன் வண்டி வந்துட்டுதுன்னு பக்கத்து வீட்டம்மா கூடையோட வெளிய வந்திருக்கு."

சிரிப்பு அடங்கும்வரை நின்றாள்.

"ஆனா ஓடுவா. எந்தப் பந்தையும் போனா போவுதுன்னு உட மாட்டா. மத்தவங்க கூட ஆடினா ஒரு பாயிண்ட ஒரு வாட்டி ஜெயிச்சா போதும். இவ கூட அதே பாயிண்ட நாலு வாட்டி ஜெயிக்கணும். உசுரு போயிடும். அவ்ளோதான்."

மைக்கைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அவ்வளவுதான். சொல்லவில்லை. ஷைனி கையிலிருந்த கோலி சோடாவை ஒரே மூச்சில் குடித்தாள். நைனா கைதட்டிக்கொண்டிருந்தார், பல் தெரிய. தப்பித்தோம் என்று அவள் நினைத்த அதே நேரம் இம்மானுவேல் ஒரு காகிதத்தை எடுத்தார்.

"இப்ப முக்கியமான அயிட்டம். நோ டியூ பாரம்!"

கம்பெனியை விட்டுப் போகிறவர் எந்தப் பிரிவிலும் எதுவும் திருப்பித் தர வேண்டியதில்லை என்று ஒவ்வொரு பிரிவிலும் கையெழுத்து வாங்க வேண்டும். ஸ்டோரில் ஸ்பானர், கேன்டீனில் டோக்கன், இப்படி. எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்தால்தான் விடுவிப்பார்கள். இம்மானுவேல் தன் கம்பெனி பாரத்தையே ஜெராக்ஸ் போட்டு, மேலே இருந்த பெயரை வெள்ளை மையால் அழித்துக் கொண்டுவந்திருந்தார். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. பாக்கியநாதன் மட்டும் எழுந்து நின்றார். அப்படியொரு பாரத்தை அவர் கையில் யாரும் கொடுத்ததில்லை.

ஸ்டோர் கட்டத்தில் கங்கம்மா எழுத்துக் கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். கேன்டீன் கட்டத்தில் ஞானம்மா, "இவ துன்னதுக்கு கணக்கே கெடையாது, போனா போவுது," என்று போட்டாள். டைம் ஆபீஸ் கட்டம் பாஸ்டருக்கு. "பதினெட்டு வருஷத்துல எத்தன ஞாயிறு வந்தம்மா நீ?" என்று கேட்டுவிட்டு, பிரியாணி வாசனை வந்ததால் அவரும் போட்டார். கடைசிக் கட்டம் 'டிபார்ட்மெண்ட்'. அது குணசுந்தரிக்கு.

அவள் பேனாவை வாங்கி, நிதானமாக ஏதோ எழுதி, இம்மானுவேலிடம் நீட்டினாள். எழுதியதை மைக்கில் படித்தே பழக்கப்பட்டவர் அவர். படித்துவிட்டார்.

"டிபார்ட்மெண்ட். ஒரு பாயிண்டு தர வேண்டும். கையெழுத்து... இல்லையே?"

"போட முடியாது சார்," என்றாள் குணசுந்தரி. "டியூ கீது."

பாக்கியநாதன் முன்னால் வந்தார். "இன்னா பாயிண்டும்மா?"

"அவளையே கேளுங்க. நான் டிக்கெட் எங்கன்னுதான் கேப்பேன். எந்த ஸ்டேஷன்ல வித்தவுட்ல ஏறினாங்கன்னு ஏறினவங்கதான் சொல்லணும்."

இருநூறு பேர். பேண்டு செட்டில் ஒருத்தன் ட்ரம்பெட்டைத் துடைப்பதைக்கூட நிறுத்திவிட்டான். ஷைனி பொய் சொல்லியிருக்கலாம். மட்டை கடன் வாங்கினேன், எனக்கு பஸ் டிக்கெட் எடுத்தாள் என்று எதையாவது சொல்லிச் சிரித்துத் தள்ளியிருக்கலாம். குணசுந்தரியும் விட்டிருப்பாள் என்றே தோன்றியது. ஆனால் நைனாவின் கையில் அந்த பாரம் இருந்தது. இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

ஷைனி மைக்கை வாங்கினாள்.

"நைனா, பதினெட்டு வயசுல மகாராஷ்டிரால ஒரு மேட்ச் ஜெயிச்சேன்ல, மொத வாட்டி ரேங்க் லிஸ்ட்ல பேரு வந்திச்சே, நீகூட தெருவுக்கே லட்டு குடுத்தியே. அது ஜெயிக்கல. அக்கா அடிச்ச பந்து கோட்டு மேலதான் உயுந்திச்சி. நான் அவுட்னு சொல்லிட்டேன். பொய். அதுலதான் உள்ள போனேன். எல்லாமே அதுலருந்துதான்."

அப்புறம் கங்கம்மாவின் குரல் தெளிவாகக் கேட்டது. "இதுக்கா? நான் தெனமும் தராசுல வெரல வெக்கிறேன். எனுக்கு யாருனா சால்வை போட்டாங்களா?"

பாக்கியநாதன் திரும்பவில்லை. மகளையே பார்த்தார். "லட்டு அப்பவே ஒரு மாதிரி வாடையாதான் இருந்திச்சி," என்றார் கடைசியில். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மகள் தோளில் கிடந்த சால்வையின் நுனியால் துடைத்து மாட்டிக்கொண்டார். "டியூ கீதுன்னா ரிலீவ் பண்ண முடியாது. அது ரூலு. என்னைதான் பாரம் குடுக்காம தொரத்திட்டானுங்க. எம்பொண்ணு பாரத்தோடதான் போவும். இம்மானுவேலு, சேர எல்லாம் எடுத்து ரோட்டுல போடு."

"அண்ணே, பிரியாணி தம்முல கீது..."

"இருக்கட்டும்."

பந்தல் முன்னால் தெருவை மறித்தார்கள். வாடகை பிளாஸ்டிக் நாற்காலிகளைக் குறுக்கே வரிசையாகப் போட்டு நெட் ஆக்கினார்கள். பந்தலைச் சுற்றிப் போட்டது போக மீதியிருந்த பிளீச்சிங் பவுடரை வாளியோடு எடுத்துவந்து பாக்கியநாதனே கோடு போட்டார். குணசுந்தரி காலால் அளந்து அளந்து, "இன்னும் ரெண்டடி தள்ளுங்க சார்," என்றாள். மேடையில் பூச்சுற்றி வைத்திருந்த ஷைனியின் மட்டைகளில் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். பந்தும் அவள் பையிலேயே இருந்தது.

"ஆறு, ஆறு," என்றாள் குணசுந்தரி. "அன்னிக்கு அந்தப் பந்த உள்ளன்னு சொல்லியிருந்தா அதுதான் ஸ்கோர். யாரு மொதல்ல ரெண்டு பாயிண்டு முன்னாடி போறமோ அவ ஜெயிச்சா. ஆறு ஆறுன்னா பக்கம் மாத்தணும். நீ அந்தாண்ட போ, வெயிலு உன் மூஞ்சில அடிக்கட்டும்."

"அக்கா," ஷைனி கிட்டே போய்ச் சொன்னாள், "உன் வாழ்க்கையே நான்..."

"மூஞ்சப் பாரு. நீ கெடுத்து நான் கெட்டுட்டேனாக்கும்? எனக்கு அந்த மேட்ச்சுக்கு முன்னாடியே ரயில்வே லெட்டர் வந்திச்சி. மாசமானா சம்பளம், இந்தியா பூரா ஃப்ரீ பாஸு. நீதான் குக்கர் தூக்கினு சுத்தின. எனக்கு அந்தப் பாயிண்டு மட்டும் குடு, போதும்."

ஷைனி புடவையைத் தூக்கிச் செருகினாள். மாலையைக் கழற்றி கங்கம்மாவிடம் கொடுத்தாள். அன்று சர்வீஸ் அவளுடையது, இன்றும் அவளே. தூக்கிப் போட்டு அடித்தாள். பாசஞ்சர் வண்டிதான், ஆனால் பந்து பிளீச்சிங் பவுடரில் பட்டு வெள்ளைப் புகை கிளப்பிக்கொண்டு தாழப் போனது. குணசுந்தரி எட்டி அடித்தாள், அது ஒரு நாற்காலியின் கைப்பிடியில் பட்டு இருக்கையில் விழுந்து, விருந்தாளி மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"ஏழு, ஆறு!" என்றார் இம்மானுவேல், மைக்கில்.

ஷைனிக்கு மூச்சு வாங்கியது. மறுபடி அதே இடம். இன்னும் ஒரு பாயிண்டு.

இப்போது சர்வீஸ் குணசுந்தரி. அவள் கையைத் தூக்கியதும் கூட்டம் முழுக்க ஷைனியின் கால்களைப் பார்த்தது. ஷைனி குனியவில்லை. பந்து வந்தது, திருப்பினாள். அவளும் திருப்பினாள். கனத்த உடம்பு, ஆனால் கை மறக்கவில்லை. இந்த மூலை, அந்த மூலை என்று ஓடவிட்டாள். ஷைனி முட்டி வலிக்க வலிக்க ஓடினாள். ஒவ்வொரு அடிக்கும் அந்தச் சத்தத்தைப் போட்டாள். தெருமுனையில் நிஜமாகவே ஒருத்தி வாசலுக்கு வந்து பார்த்தாள். பதினெட்டாவதோ பத்தொன்பதாவதோ அடியில் குணசுந்தரி பல்லைக் கடித்துக்கொண்டு பக்கக் கோட்டை ஒட்டி நேராக ஒன்று விட்டாள். அன்றைக்கு விட்ட அதே அடி. ஷைனி எட்டினாள், எட்டவில்லை. பந்து விழுந்து, போய், பிரியாணி அண்டாவில் 'ணங்' என்று மோதியது.

கோட்டில் புகை எழும்பவில்லை. நாலு விரற்கடை வெளியே, தார் ரோட்டில் விழுந்திருந்தது. அது ஷைனிக்குத் தெரியும். அவளுக்கு மட்டும்தான் தெரியும். கூட்டம் தூரத்தில் நின்றது, எல்லாரும் அண்டாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாம்மா?" என்றார் பாக்கியநாதன். "உள்ளயா, வெளியவா?"

"உள்ள," என்றாள் ஷைனி.

குணசுந்தரி மட்டையைத் தோளில் சாத்திக்கொண்டு நாற்காலிகளைச் சுற்றி வந்தாள். வருகிற வேகத்தைப் பார்த்து இம்மானுவேல் இரண்டடி பின்னால் போனார். ஃபைன் போட்ட நாளில் இதே நடைதான்.

"எங்க உயுந்திச்சி?"

"கோட்டு மேல."

"கோட்டு மேல உயுந்தா பவுடரு எங்கடி? அப்டியே போட்ட மாரி கீது. எனக்குப் பிச்ச போடறியா? அன்னிக்குத் திருடின, இன்னிக்குத் தானமா? ரெண்டுக்கும் அதே வாயிதானே? நான் இன்னா உன்கிட்ட ஏழைன்னு சொன்னேனா? நாப்பது பேர் கூட கரெக்டா ஆடி தோத்துருக்கேன், எல்லாத்தையும் மறந்துட்டேன். உன் கூட மட்டும்தான் தோக்கவே உடல நீ. தோத்தேனா இல்லையான்னே தெரியாம பதினெட்டு வருஷம். பாத்து சொல்லு."

ஷைனி குனிந்து பார்த்தாள். தார் மேல் மங்கலாகப் பந்தின் தடம். அதற்கும் கோட்டுக்கும் நடுவே நாலு விரல் இடம். அவள் நிமிர்ந்தாள். அந்தச் சொல்லை அவள் அதற்கப்புறம் ஆயிரம் ஆட்டத்தில் சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் ஒரு கணம் நின்றுதான் சொல்லியிருக்கிறாள்.

விரலைத் தூக்கினாள்.

"அவுட்டு."

"சத்தமா."

"அவுட்டு!"

"ஆங்," என்றாள் குணசுந்தரி. வியர்வையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி, "எட்டு, ஆறு. நான் தோத்துட்டேன்," என்றாள். முகம் அவ்வளவு மலர்ந்திருந்தது. ஜெயித்தவள் அவள்தான் என்று நினைத்து பேண்டு செட்காரர்கள் அவளைச் சூழ்ந்துகொண்டு வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஷைனி கை நீட்டினாள். குணசுந்தரி அதைத் தள்ளிவிட்டுக் கட்டிப்பிடித்தாள். பிடித்துக்கொண்டே காதில் ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள்; அதை இங்கே எழுத முடியாது, கண்ணுகளா, ஆனால் பாசமான வார்த்தைதான்.

பெரிய டிரம்மின் மேல் பாரத்தை வைத்துக் குணசுந்தரி கையெழுத்துப் போட்டாள். 'ஒரு பாயிண்டு' என்று எழுதியதைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் தேதியும் போட்டாள், ரயில்வே பழக்கம்.

பாக்கியநாதன் வாங்கிப் படித்தார். ஸ்டோர், கேன்டீன், டைம் ஆபீஸ், டிபார்ட்மெண்ட் என்று ஒவ்வொரு கட்டத்திலும் விரலை வைத்து, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். பாஸ்டர் கையெழுத்தில் சந்தேகம் வந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. நாலாக மடித்து மகள் கையில் வைத்தார்.

"சரி," என்றார். "நீ போலாம்."

"எங்க நைனா?"

"சாப்ட."